கயிறு, காட்ஸ், குத்திக்காசு: மஜிக் பழக எதில துவங்கிறது?

தருமபுரம்_ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் பின்னேரத்தில தரம் 5 பிள்ளையளுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கிறன். தவணை முடிய ஒரு சின்ன நிகழ்ச்சி வைக்கிறம், அதில அரை மணித்தியாலம் மஜிக் செய்து காட்டோணும் எண்டு சரியான ஆசை. யூரியூப் பாத்து கயிறு, காட்ஸ், காசு, மனசில நினைச்சதைச் சொல்லுறது எண்டு எல்லாத்திலயும் கைவைச்சன், ஒண்டும் உருப்படியா வரேல்ல. வீட்டில ஆடு கட்டுற நைலோன் கயிறுதான் இருக்கு, அது முடிச்சு நிக்காம வழுக்குது. போன கிழமை பக்கத்து வீட்டில குத்திக்காசை மறைச்சுக் காட்டினன், ஆறு வயசுப் பிள்ளை உடன மற்றக் கையைத் திறக்கச் சொல்லிட்டா, எனக்கு மனசே விட்டுப் போச்சு. ஒரு மாசந்தான் இருக்கு, எதில துவங்கலாம்?

மாங்குளத்தான்:
கயித்தில துவங்குங்கோ ரீச்சர், கடைசி வாங்கில இருக்கிற பிள்ளைக்கும் வடிவாத் தெரியும். நைலோனும் வேண்டாம் தும்புக்கயிறும் வேண்டாம். பருத்தி நூலால பின்னின வெள்ளைக் கயிறு, சின்னி விரல் மொத்தத்தில. உள்ளுக்க திரி இருந்தா அதை உருவி எடுங்கோ, கயிறு துணி மாதிரி மெத்தெண்டு வரும். வெட்டின கயித்தை ஒட்டுறதில விசயம் என்னெண்டா, சனம் நடு எண்டு நினைக்கிற இடம் நடு இல்லை. கைக்குள்ள வளைச்சு மேல தூக்கிக் காட்டுறது நுனிப் பக்கத்துத் துண்டு, கத்தரிக்கோல் அதைத்தான் வெட்டுது. அந்தச் சின்னத் துண்டைத்தான் பிறகு முடிச்சாப் போடுறது, நீளக் கயிறு அப்பிடியே முழுசாக் கிடக்கும். முடிச்சை சன்னஞ் சன்னமா வெட்டி விழுத்தினா கயிறு ஒட்டிட்டுது. ஒவ்வொரு தரமும் ஒரு சாண் குறையும், அதால பழகவே 10 மீற்றர் வாங்கி வையுங்கோ.

முள்ளியவளைப்_பெடியன்:
அக்கா காசை விட்டிடாதேங்கோ. அந்தப் பிள்ளை மற்றக் கையைக் கேட்டது உங்கட கண்ணைப் பாத்துத்தான். காசு இடக்கையில நிக்குது எண்டு உங்களுக்குத் தெரியும், கண்ணும் அங்கயே போய் நிக்கும். நீங்கள் செய்தது பிரெஞ்ச் ட்ரொப்தானே, இடக்கையில பிடிச்ச காசை வலக்கையால எடுக்கிற மாதிரிப் பாவனை காட்டுறது? நான் அதைப் பழகேக்க முதல் காசை உண்மையாவே வலக்கையால எடுத்தன், 20, 30 தரம், எல்லாம் போனில வீடியோ. எடுத்த கை எவ்வளவு இறுக்கமா மூடுது, விட்ட கை எப்பிடிச் சோர்ந்து கீழ போகுது எண்டு பாத்து வைச்சுக்கொண்டு பொய்யா எடுக்கேக்கயும் அதையே செய்தன். பெருவிரல் காசுக்குப் பின்னால போகேக்க காசு இடக்கை விரல் மடிப்பில சத்தமில்லாம விழோணும். கண்ணாடிக்கு முன்னால நிண்டா அந்த நேரம் நாங்கள் கண் சிமிட்டுறது எங்களுக்கே தெரியாது, வீடியோவில பிடிபடும். 2009 எண்டு அடிச்ச 11 பக்கப் பத்து ரூபாக் குத்தி நல்லம், மூலையள் விரலில பிடிச்சு நிக்கும்.

ஓமந்தை_அண்ணை:
காட்ஸ் எண்டால் எங்கட பக்கம் செத்தவீட்டு இரவும் 304 விளையாட்டுந்தான் ஞாபகம் வரும், சில தாய் தேப்பன் முகம் சுழிப்பினம். ஆசையெண்டால் 21 காட்ஸ் எடுத்து ஏழேழா மூண்டு வரிசை போடுங்கோ, பிள்ளை ஒரு காட்டை நினைச்சு அது இருக்கிற வரிசையைக் காட்ட, அந்த வரிசையை நடுவில வைச்சு அடுக்கி, அப்பிடி மூண்டு தரம் செய்தா நினைச்ச காட் 11ஆவதா வந்து நிக்கும். கைவேகம் தேவையில்லை.

மனசைச் சொல்லுறதுக்கு 1089 உங்களுக்குப் பொருந்தும். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் குறைஞ்சது ரெண்டு வித்தியாசம் இருக்கிற ஒரு மூவிலக்க எண். 732 எண்டு வையுங்கோ. திருப்பினா 237, கழிச்சா 495, அதைத் திருப்பி 594, கூட்டினா 1089. எந்த எண்ணுக்கும் அதேதான், முதலே எழுதி என்வலப்புக்குள்ள ஒட்டி வைக்கலாம்.

ஆனா ரீச்சர், எனக்கு மனசு தெரியும் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. கொஞ்ச வருசத்துக்கு முந்தி ஒரு நிகழ்ச்சியில ஒரு பெடியன் நினைச்ச பேரை நான் சொல்ல, சனம் நல்லாக் கைதட்டிச்சுது. முடிய ஒரு அம்மா வந்தா, கையில லமினேற் பண்ணின படம். "இவன் இருக்கிறானோ எண்டு மட்டும் சொல்லு ராசா" எண்டா. 2017 மாசியில இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டு கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில குந்தியிருந்த அம்மாமாரை நீங்களும் பாத்திருப்பியள். இது பழகின வித்தையம்மா எண்டு எவ்வளவோ சொன்னன், அவ நம்பேல்ல, தெரிஞ்சும் நான் ஒளிக்கிறன் எண்டு நினைச்சு அழுதா. அண்டையில இருந்து துவங்க முதலே சொல்லுவன், எனக்கு ஒருத்தற்ற மனசும் தெரியாது, இது வித்தை எண்டு. சொல்லியும் சனம் ரசிக்குது.

தருமபுரம்_ரீச்சர்:
அண்ணை, வாசிச்சிட்டுக் கன நேரம் ஒண்டும் எழுதேலாம இருந்தன். என்ர வகுப்பிலயும் சித்தப்பான்ர, மாமான்ர படத்தோட தேடிக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளையள் இருக்கினம். 1089ஐ கணக்காவே செய்யிறன், ஏன் அப்பிடி வருது எண்டு பலகையில பிரிச்சும் காட்டுறன். கயிறும் காசுந்தான் மஜிக். மாங்குளத்து அண்ணை, உந்தத் திரி உள்ள கயிறு எங்க கேக்கிறது?

மாங்குளத்தான்:
உடுப்புக் காயப்போடுற பருத்திக் கயிறு எண்டு கேளுங்கோ ரீச்சர், மாடு கட்டுற கயிறு விக்கிற இடத்தில இராது. முதல் ஒரு முழம் மட்டும் வாங்கி அங்கயே நுனியைப் பிரிச்சுப் பாருங்கோ, திரி உருவ வந்தா மிச்சத்தை வாங்குங்கோ.