உரப் பக்கெட்டில் புழு: கொட்டிடலாமா?

மாடிமல்லி:
காய்கறித் தோல், டீத்தூள், பழத்தோல்னு போட்டு மூடி வெச்ச பக்கெட்டைத் திறந்தா, நெளுநெளுன்னு தடிப்புழு. ஓரமா வெள்ளைப் பூஞ்சை, குடலைப் பிடுங்குற நாத்தம். "தூக்கிக் கொட்டு"ங்கிறார் வீட்டுக்காரர். கத்திரிச் செடிக்குப் போட்டா வேரைத் தின்னுடுமோ?

தோட்டக்கிறுக்கன்:
கொட்டிடாதீங்கக்கா! தட்டையா, சாம்பல் நிறத்துல, உடம்பு வரிவரியா இருந்தா பிளாக் சோல்ஜர் ஃப்ளைங்கிற ஒரு வகை ஈயோட புழு. அழுகினதைத்தான் தின்னும், உயிர் வேர் பக்கம் போகாது. முத்தினதும் கருத்துப்போய், தானாவே சுவரேறி வெளியே போயிடும். எங்க வீட்டுக் கோழிங்க அதுக்குச் சண்டையே போடும்.

மண்வாசி:
நாத்தத்துக்குப் புழு காரணமில்லை. ஈரம் கூடி, காத்து போகாததால காத்தில்லாம வாழற பாக்டீரியா பெருகிடுச்சு. சருகோ தேங்காய் நார்த்தூளோ கலந்து அடிவரைக்கும் கிளறுங்க. பூஞ்சையை எடுத்துப் போட்டுடாதீங்க. காம்பு, குச்சிக்கு விறைப்பு தர்ற லிக்னின்ங்கிற பொருள் பாக்டீரியாவுக்கு லேசுல மசியாது, அதை உடைக்கப் பூஞ்சைதான் வேணும். பிறகுதான் சத்து செடிக்கு வரும். ஒண்ணு மட்டும்: அரைகுறையா மக்கினதைக் கத்திரிக்குப் போட்டுடாதீங்க. மிச்சத்தை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணுல இருக்கற நைட்ரஜனை இழுத்துக்கும், இலை மஞ்சளாயிடும்.

மாடிமல்லி:
வேப்பஞ்சருகு இருக்கு, போடறேன். பக்கெட்ல ஓட்டை போடணுமா?

மண்வாசி:
பக்கவாட்டுலயும் அடியிலயும் போடுங்க. மூடியில வேண்டாம், மழைத்தண்ணி இறங்கும்.