ஸ்புரூஸ் மர ஊர்: ரயில் எப்படி ஏறியது, இப்போது என்ன மிச்சம்?

கேள்வி:
அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சீட் மலைமேல் இருந்த ஸ்புரூஸ் ஊருக்குச் சாலையே கிடையாதாமே? அந்த ஏற்றத்தில் நீராவி இஞ்சின் எப்படி ஏறியது? இன்று போனால் ஊர் இருந்த இடத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்:
சாதாரண இஞ்சின் ஏறாது நண்பரே. அடிவாரத்துக் காஸ் ஊரிலிருந்து மலையேறும் தடத்தில் 11 சதவீதம் வரை ஏற்றம் உண்டு. 100 அடிக்கு 11 அடி. அதற்கென்றே ஷே என்ற பல்சக்கர நீராவி இஞ்சின். வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும் சிலிண்டர்கள் ஒரு நீளத் தண்டைச் சுழற்றும். அதிலிருந்து பல்சக்கரம் வழியாக எல்லா அச்சுக்கும் விசை போகும். சிலிண்டர் பாரத்தைச் சமன் செய்யப் பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். முன்னால் நின்று பார்த்தாலே கோணல் தெரியும். வேகம் குறைவு, ஆனால் சக்கரம் லேசில் வழுக்காது.

பதில்:
மலையேறும் வழியில் விட்டேக்கர் நிலையத்தின் பக்கம் இரண்டு ஸ்விட்ச்பேக் இருப்பதையும் சொல்ல வேண்டும். வளைக்க இடமில்லாததால் ரயில் முட்டுத்தடத்துக்குள் (மேலே வழியில்லாமல் முடியும் தடம்) போய் நிற்கும், தடம் மாற்றும் பாயின்ட்டை மாற்றியதும் பின்பக்கமாக ஏறும், அடுத்ததில் மறுபடி முன்பக்கமாக. முட்டுத்தடத்தைவிட ரயில் நீளமானால் கடைசிப் பெட்டி பாயின்டைத் தாண்டாது. அதனால் பெட்டி எண்ணிக்கைக்கு அங்கேயே வரம்பு விழுந்துவிடும்.

பதில்:
ஸ்புரூஸ் ஊரில் இருந்தது பலகை அறுக்கும் ஆலை அல்ல. ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் கட்டைகளின் பட்டையை உரித்துக் காகிதக் கூழுக்கு அனுப்பிய ஆலை. 1925இல் அது மூடியதும் ஊரின் முக்கியப் பிழைப்பு போயிற்று. மர வீடுகள் 1,174 மீட்டர் உயரத்துப் பனியில் தாங்கவில்லை. ஷேவர்ஸ் ஃபோர்க் ஆற்றோரம் கான்கிரீட் அடித்தளத்தைத் தேடுங்கள், ஆலை நின்ற இடம் அதுதான்.