சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா? தமிழ்ல கேட்டா பொடி விக்கிறவங்கதான் வர்றாங்க

திருப்பூர்க்காரி:
வணக்கங்க. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. எங்க அத்தைக்கு ரொம்ப வருசமா சுகர், மெட்பார்மின் 500 ரெண்டு வேளை. குடும்ப குரூப்புல வந்த ஒரு வீடியோவைப் பாத்துட்டு, மாத்திரை கிட்னியைத் தின்னுரும்னு நிறுத்திட்டாங்க. நானும் போன்ல மைக்கை அமுக்கித் தமிழ்ல கேட்டேன். வர்ற வீடியோ பூராவும் கடைசியில ஒரு பொடி டப்பா, ஒரு போன் நம்பர்! எங்க சூப்பர்வைசர் பையன் இதையே இங்கிலீஷ்ல தேடினா ஆஸ்பத்திரிக்காரங்க எழுதினது வருது. ரிப்போர்ட்டும் இங்கிலீஷ்தான். ஹெச்பிஏ1சி 9.4, கிரியாட்டினின் 0.9னு அவன்தான் படிச்சுச் சொன்னான். நல்லதா, கெட்டதா? போன் வீட்டுக்காரர்கிட்ட இருக்கும், ராத்திரிதான் என் கைக்கு வரும்.

ராம்_கோவை:
மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டா எல்லாம் தமிழ்ல வருமே. இந்தக் காலத்துல தகவல் கிடைக்கலைங்கறது சாக்குங்க.

திருப்பூர்க்காரி:
போட்டுப் படிச்சோம் தம்பி. எதை நம்பறதுன்னு யார் சொல்றது? பொடிக்காரரும் வெள்ளைக் கோட்டுதான் போட்டிருக்காரு. டாக்டரைக் கேக்கலாம்னா அரை நாள் சம்பளம் போகும், உக்கார்றதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுருவாங்க.

கணக்குப்புள்ள:
ராம், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்க. 15-49 வயசுல ஒரு தடவையாவது இன்டர்நெட் பயன்படுத்தின பெண்கள் நாட்டுல 33 சதவீதம், ஆண்கள் 57. அத்தை வயசுக்காரங்க அந்தக் கணக்குலயே இல்ல.

ரிட்டயர்டு நர்ஸ்:
தங்கச்சி, ஹெச்பிஏ1சி 9.4ங்கறது ரத்தத்துல சுகரோட மூணு மாசச் சராசரி. நிறையப் பேருக்கு 7க்குள்ள இருக்கணும்னு பாப்போம், அதனால இது அதிகம். கிரியாட்டினின் கிட்னிக்குப் பாக்கற ரத்த டெஸ்ட்டு, 0.9 பெரும்பாலும் சாதாரண அளவுதான். கிட்னியைக் கெடுக்கறது கட்டுக்கு அடங்காத சுகர். கிட்னி ஏற்கெனவே பழுதானவங்களுக்கு மெட்பார்மினைக் குறைப்போம், கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு காட்டற இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழ போனா நிறுத்துவோம். அதுல பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டு வீடியோ போடறாங்க. 104க்கு அடிங்க, அரசு நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல வீட்டுக்கே வந்து சுகர் பாத்து மாத்திரை தருவாங்க, ஹெல்த் சென்டர்ல பேர் பதியச் சொல்லுங்க. விட்டுப்போனதுக்குச் சேத்து ரெட்டை மாத்திரை போட்டுராதீங்க.

திருப்பூர்க்காரி:
104க்கு அடிச்சு அத்தை கையிலயே குடுத்துட்டேங்க்கா. நான் சொன்னா கேக்க மாட்டாங்க, அந்தப் பொண்ணு சொன்னதுக்கு ‘சரிங்க கண்ணு’ங்கறாங்க. புதன்கிழமை ஹெல்த் சென்டர் போறோம். கொழுந்தனாரு பொடிக்கு ஆர்டர் போட்டுட்டாராம், வந்ததும் காசு குடுக்கற மாதிரி. வாங்காம திருப்பி அனுப்பலாமில்ல?

கணக்குப்புள்ள:
தாராளமா. கேன்சல் பண்ண ஓடிபி வேணும்னு போன் வந்தா மட்டும் சொல்லிராதீங்க.