'தெரப்யூட்டிக் விண்டோ' என்பதற்கு 'நச்சிடைவெளி'

நண்பர்களுக்கு வணக்கம்.

'தெரப்யூட்டிக் விண்டோ' என்ற மருந்தியல் சொல்லுக்குத் தமிழாக முன்வைக்கப்பட்ட 'சிகிச்சைச் சாளரம்' என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. சாளரம் என்றதும் காற்றும் வெளிச்சமும் நினைவுக்கு வருகின்றனவே அன்றி, மருந்து பயன் தரத் தொடங்கும் அளவுக்கும் அதுவே நஞ்சாகத் தொடங்கும் அளவுக்கும் நடுவே உள்ள தூரம் நினைவுக்கு வருவதில்லை. 'மருந்திடைவெளி' அதைவிட நல்ல சொல்தான். ஆனால் மதுரையில் மருந்துக்கடை வாசலில் நிற்பவர் அதைக் காலை மாத்திரைக்கும் இரவு மாத்திரைக்கும் இடையே விட வேண்டிய நேரம் என்றே கொள்வார். ஆகவே 'நச்சிடைவெளி' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மருந்தியல் வகுப்பில் இதைக் கற்பிக்க, ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கில் ஒன்றை மேசைமேல் வைப்பேன். கலப்பை போல இரண்டாகக் கவைத்திருக்கும் அதை ஒரு மாணவி சர்க்கரைவள்ளியின் வகை என்று எண்ணிக் கையில் எடுத்தார். அந்தச் செடி தரும் கால்ச்சிசின், 'கௌட்' எனும் மூட்டுவலிக்கு மருந்து; அளவு மீறினால் வாந்தியும் பேதியும் முதலில் வந்து, சில நாளில் எலும்பு மஜ்ஜையே செயலிழக்கும். 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு மணி நேரத்தில் மொத்தம் 1.8 மில்லிகிராம் உண்டவர்களுக்கும் ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் உண்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்தது. ஆனால் வயிற்றுப்போக்கு பின்னவர்களுக்கு மிகுதியாக இருந்தது. இதைச் சொன்ன பிறகு "கால்ச்சிசினின் நச்சிடைவெளி குறுகியது" என்றால் வகுப்பில் விளக்கம் தேவைப்படுவதில்லை.

'நஞ்சிடைவெளி' என்றல்லவா வரவேண்டும் எனக் கேட்கலாம். மருந்து, பை இரண்டும் சேர்ந்து மருத்துப்பை ஆவது போல, சில சொற்களில் 'ந்து', 'ஞ்சு' போன்ற மென்தொடர் 'த்து', 'ச்சு' என வன்தொடராகும். நச்சரவம் என்ற சொல்லும் நமக்கு முன்பே இருக்கிறது. 'நச்சு' என்று கேட்டாலே நோயாளி அஞ்சுவார் என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் லித்தியம், டிகாக்சின், வார்ஃபரின் போன்ற, நச்சிடைவெளி குறுகிய மருந்துகளை உண்பவர் ஓரளவு அஞ்சி, இரத்தப் பரிசோதனைக்கு நாள் தவறாமல் வருவதே அவருக்குக் காப்பு.

சித்த மருந்தாய்வாளர்களுக்கும் இச்சொல் பயன்படும் என்பதே எனக்கு முதன்மையான காரணம். எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்யும்போது, அதாவது மருந்தாக்கும் முன் நஞ்சு குறையப் பக்குவப்படுத்தும்போது, அதிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு குறைகிறது. ஆனால் நஞ்சு குறைந்தது என்பதோடு நின்றுவிட்டால் ஆய்வு பாதியில்தான் நிற்கும். பயனும் கூடவே குறைந்ததா, அல்லது பயனளவு அப்படியே இருக்க நச்சளவு மட்டும் தள்ளிப்போனதா என்று பார்த்தாக வேண்டும். "சுத்திக்குப் பின் நச்சிடைவெளி எவ்வளவு அகன்றது?" என்று ஒரே வரியில் கேட்க நமக்கு இதுவரை சொல் இல்லை.

'தெரப்யூட்டிக் இன்டெக்ஸ்' வேறு. அது விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவை, பாதிக்குப் பயன் தரும் அளவால் வகுத்துப் பெறும் எண். அதற்கு 'நச்சிடை எண்' பொருந்துமா, 'விகிதம்' என்ற சொல் உள்ளே வர வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.