சேலம் – ஏற்காடு: நாலு பேர், இரண்டு இரவு, 12,000 ரூபாய். கட்டுப்படியாகுமா?

கேட்டவர்: பெரம்பூர்_அம்மா

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் திங்கள் முதல் புதன் வரை சேலம், ஏற்காடு போய்வர எண்ணம். நாங்கள் இருவர், மகளுக்கு 16, மகனுக்கு 13. சென்னையிலிருந்து ரயில். போக்குவரத்து, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட இல்லை.

கேள்விகள் இவை. அறையைச் சேலத்தில் எடுப்பதா, ஏற்காட்டிலா? மேலே சுற்றிப் பார்க்க வண்டி பிடித்தே ஆக வேண்டுமா? மகளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், அதற்கு என்ன செய்யலாம்? "இன்னொரு பார்க்கா?" என்று பிள்ளைகள் முகம் சுளிக்காத மாதிரி நாளை எப்படிப் பிரிப்பது? கோயில்கள் ஒன்றிரண்டு போதும்.

பதில்: அஸ்தம்பட்டி_வாசி

கட்டுப்படியாகும் அக்கா. கணக்கிலிருந்து தொடங்குகிறேன். கீழே வருபவை நீங்கள் ஒதுக்கி வைக்க வேண்டிய தொகைகள். ஒன்றில் மிச்சமானால் அடுத்ததற்கு நகர்த்திக்கொள்ளலாம்.

ரயிலுக்கு 1,600. காலையில் சென்ட்ரலில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பு இருக்கை எடுங்கள், தலைக்கு 200க்குள் அடங்கும். முன்பகலிலேயே சேலம் ஜங்ஷன் வந்துவிடும். திரும்பும்போதும் அதே வண்டி மாலையில் சேலத்தைத் தாண்டி, இரவு பதினொரு மணி வாக்கில் சென்னை சேரும். இரவு ரயில்களில் வந்தால் விடியுமுன் இறங்கிவிட்டு, அறை கிடைக்கும் வரை பெட்டியோடு உட்கார வேண்டிவரும். இல்லையென்றால் அரை நாள் வாடகை கூடுதலாகக் கட்ட வேண்டும். 12 வயது தாண்டியதால் இரண்டு பிள்ளைகளுக்கும் முழு டிக்கெட்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஆயுத பூஜையை ஒட்டிய வாரம் என்றால் திறந்த அன்றே போட்டுவிடுங்கள். இருக்கைப் பெட்டிகளும் சீக்கிரம் நிரம்பும்.

அறைக்கு, நாலு பேர் படுக்கும் குடும்ப அறை ஒன்று இரவுக்கு 1,800 என்று வைத்தால் இரண்டு இரவுக்கு 3,600, வரியோடு 3,780. 1,000க்கு மேல் 7,500 வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். யாராவது பழைய 12ஐப் போட்டால் கேளுங்கள். இரண்டு சிறிய அறைகள் எடுத்தால் பிள்ளைகளுக்கு வசதி, ஆனால் இந்தப் பட்ஜெட்டில் அதுவே எல்லாவற்றையும் விழுங்கிவிடும். போனில் பேசும்போது "கூடுதல் மெத்தைக்குத் தனியாக எவ்வளவு" என்று கேட்காமல் விடாதீர்கள். அறையின் விலை குறைவாகத் தெரிவதற்குப் பல இடங்களில் அதுதான் காரணம். நாலு பேரின் ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும்.

சாப்பாடு ஒரு நாளைக்கு 1,000, ஆக 3,000. பஸ் எல்லாம் சேர்த்து 700. சேலம் நகருக்குள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்களுக்கும் மகளுக்கும் டிக்கெட் கிடையாது. மேட்டூர் போன்ற புறநகர் பஸ்ஸுக்கு இது பொருந்தாது. படகு, நுழைவுச் சீட்டுக்கு 600. மொத்தம் 9,680. மீதி 2,320. அதில் 1,200ஐ மேலே அரை நாள் வண்டிக்கு வையுங்கள், மிச்சத்தைத் தொடாதீர்கள்.

என் கருத்து: அறை சேலத்தில், புதிய பேருந்து நிலையம் பக்கம் இருக்கட்டும். செவ்வாய் காலை ஆறு, ஆறரைக்கே ஏற்காடு பஸ்ஸில் ஏறிவிடுங்கள். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு இருப்பதால் ஒன்றே கால் மணி நேரம் பிடிக்கும்.

பஸ் நிலையத்திலிருந்து ஏரி, ஏரியை ஒட்டிய அண்ணா பூங்கா, மான் பூங்கா எல்லாம் நடை தூரம். லேடீஸ் சீட்டும் ரோஜாத் தோட்டமும் சுமார் இரண்டு கிலோமீட்டர், பிள்ளைகள் தாராளமாக நடப்பார்கள். வண்டி தேவைப்படுவது பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் இரண்டுக்கும்தான். அவை ஊரைவிட்டுத் தள்ளி உள்ளன. "பத்து இடம் காட்டுகிறேன்" என்று வருபவரிடம் இந்த இரண்டும், வழியில் ஒரு காப்பித் தோட்டமும் போதும் என்று சொல்லி, காத்திருப்பு நேரத்தோடு தொகையைப் பேசி முடித்த பிறகு ஏறுங்கள். பத்து இடத்தில் நாலு இடம் நீங்களே நடந்து போகக்கூடியதாக இருக்கும்.

கிளியூர் அருவி பற்றி: அங்கே விழுவது ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான். ஏரி வழியவில்லை என்றால் பாறை மட்டும் தெரியும். போவதற்கு முன் ஏரிக்கரையில் விசாரித்தாலே விடை கிடைத்துவிடும். செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும், மழை பெய்திருந்தால் படி வழுக்கும், செருப்பு கூடாது. ஊர் ஏரியின் உபரி நீர் என்பதால் குளிப்பதற்கு நான் சொல்ல மாட்டேன்.

படகு: மிதிபடகில் நாலு பேர் ஏறினால் தலைக்கு மலிவு, பிள்ளைகளுக்கும் கால் வேலை. காலையில் திறந்ததும் போங்கள். பதினொரு மணிக்கு மேல் வரிசை நீளும், பிற்பகலில் மேகம் கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள்.

வாந்திக்கு: பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகள் வளைவில் அதிகம் வீசும். முன்பக்கம், டிரைவருக்குப் பின்னால் இரண்டு மூன்று வரிசைக்குள் சன்னலோரம் உட்காருங்கள். அதற்காகவே பஸ் புறப்படும் நிலையத்தில் ஏறுவது நல்லது, நடுவழி நிறுத்தத்தில் அந்த இடம் கிடைக்காது. போன் பார்ப்பதுதான் பெரிய காரணம். கண் "அசையவில்லை" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "சுழல்கிறோம்" என்கிறது. இரண்டும் மோதும்போது குமட்டும். தூரத்து மலை விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி. மாத்திரை என்றால் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் பலன் குறைவு. தூக்கம் வரவைக்கும் வகையானால் அரை நாள் போய்விடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: நாகலூர்_மிளகு

அண்ணன் கணக்கு சரி. அறை விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. இரண்டு இரவையும் கீழே வைத்தால் ஏற்காட்டின் நல்ல நேரம் இரண்டும் தவறிப்போகும்: அந்தியும் விடியலும். பகலில் வந்து போகிறவர்கள் பார்ப்பது கூட்டமும் கடைத்தெருவும்தான்.

லேடீஸ் சீட்டில் சூரியன் இறங்கிய பிறகு அரை மணி நேரம் இருங்கள். கீழே சேலம் நகர விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி, தட்டு நிறையப் பொரி கொட்டின மாதிரி ஆகிவிடும். பதினாறு வயதுப் பெண்ணுக்குக் காட்ட வேண்டியது அதுதான், பூங்காவின் பூச்செடி இல்லை. மறுநாள் காலை பகோடா பாயிண்ட். அது கிழக்குப் பக்கம், விடியலுக்கு உகந்தது. கற்களை அடுக்கி எழுப்பிய கோபுரங்களும் ஒரு ராமர் கோயிலும் உண்டு, எனவே உங்கள் கோயில் கணக்கும் முடிந்தது.

செலவு கூடாது. திங்கள் முன்பகல் ரயிலில் இறங்கியதும் டவுன் பஸ்ஸில் புதிய பேருந்து நிலையம், அங்கேயே சாப்பாடு, அடுத்த ஏற்காடு பஸ். இரண்டு மணி வாக்கில் மேலே இருப்பீர்கள். அன்று மாலை ஏரிக்கரையும் லேடீஸ் சீட்டும். செவ்வாய் காலை வண்டி பிடித்துப் பகோடா பாயிண்ட், அப்படியே சேர்வராயன் கோயில். கோயில் 5,326 அடி உயரத்தில், இந்த மலையின் உச்சியிலேயே ஒரு குகைக்குள் இருக்கிறது. குனிந்துதான் நுழைய வேண்டும், உங்கள் மகனுக்கு அதுவே பிடிக்கும். பதினொன்றுக்குள் திரும்பி மிதிபடகு. மூன்று மணிக்குக் கீழே. இரண்டாம் இரவு சேலத்தில். பஸ் செலவு அதேதான், வார நாளில் மேலே அறை வாடகையும் சனி, ஞாயிறைவிட இறங்கியே இருக்கும். சுமை மட்டும் குறைவாக, ஆளுக்கு ஒரு முதுகுப் பையோடு வாருங்கள்.

கவனிக்க வேண்டியவை. இரவு உணவகங்கள் சீக்கிரம் அடைத்துவிடும், எட்டரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் டைம் கீப்பரிடம் மறுநாள் பிற்பகல் பஸ் நேரங்களையும் கடைசி பஸ்ஸையும் கேட்டுப் போனில் எழுதி வையுங்கள். தோட்டப் பகுதிகளில் சிக்னல் விட்டு விட்டு வரும், போன் பணத்தை மட்டும் நம்பாமல் சில்லறையாக 1,500 ரூபாய் வையுங்கள். குரங்குகள் பிளாஸ்டிக் பை சரசரப்பைக் கேட்டுத்தான் வரும், தின்பண்டத்தைத் துணிப் பைக்குள் போட்டு மூடுங்கள். கையில் பிடித்து இழுத்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், போட்டிக்கு இழுத்தால் நகம் படும்.

அக்டோபரில் பிற்பகல் மழைக்கு வாய்ப்பு அதிகம், மடக்குக் குடை இரண்டு போதும். ஆனால் தொடர்மழை எச்சரிக்கை இருந்தால் ஏறவே வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அதனால்தான் மேலே தங்குவது முதல் இரவாக இருக்கட்டும் என்கிறேன். பாதை அடைபட்டாலும் ரயிலுக்கு ஒரு நாள் கையில் இருக்கும்.

மிளகு வாங்கினால் ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து மிளகு போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு அடியில் நிற்கும், கலப்படமாகச் சேர்த்த பப்பாளி விதை மிதக்கும். காப்பித்தூளில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று கேட்டே வாங்குங்கள்.

பெரம்பூர்_அம்மா

இருவருக்கும் மிக்க நன்றி. நாகலூர் தம்பி சொன்னபடி முதல் இரவு மேலே என்று முடிவு செய்துவிட்டோம். இன்னொன்று: வண்டிக்கு வைத்த 1,200க்குப் பதில் சேலத்தில் இரண்டு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். மகன் துள்ளுகிறான். சரியா?

பதில்: அடிவாரம்_மெக்கானிக்

வேண்டாங்க அம்மா. ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்குவதுதான் பிரச்சினை.

கியர் வண்டியில் இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்குப் பாதி வேலைதான். ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும். அப்புறம் வண்டி சரிவில் சும்மா உருள்கிற சக்கரம்தான். இருவர் எடையையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் பிரேக்கை விடாமல் மெதுவாகப் பிடித்துக்கொண்டே வருவார்கள். டிரம் சூடேறி, கருகல் வாடை வரும், லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது. நாலைந்து வளைவு இறங்கியதுமே இந்த வாடை வந்துவிடுவதுண்டு. வந்தால் ஓரமாக நிறுத்தி, கால் மணி நேரம் தானாக ஆற விட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

வளைவில் பஸ் திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், எதிரே வரும் டிரைவருக்கு உங்களை ஒதுக்க இடம் இருக்காது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பதும் சமவெளியில் ஓட்டுகிறவர்களுக்குப் பழக்கம் இல்லை.

பையன் கையில் "கொஞ்ச தூரம்" என்றும் கொடுத்துவிடாதீர்கள். 18 வயது ஆகாதவர் ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 199ஏ படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

ஆசைக்கு வேறு வழி உண்டு. ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை, நாகலூர் பக்கம் போகும் ஊர் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து போய்வரச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. திரும்பும் பஸ் எப்போது என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை_அக்கா

சேலத்து மாலையும் புதன்கிழமையும் யாரும் சொல்லவில்லையே, அதை நான் சொல்கிறேன்.

செவ்வாய் மாலை ஐந்தரைக்கு மேல் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை பக்கம் தட்டுவடை செட் கடைகள் சூடு பிடித்துவிடும். பிள்ளைகள் இருவர் கையிலும் ஆளுக்கு 150 கொடுத்து, "இதற்குள் நீங்களே வாங்கிச் சாப்பிடுங்கள்" என்று விட்டுவிடுங்கள். எதை வாங்குவது என்ற சண்டை அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும், உங்களுக்கும் தொல்லை இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தட்டுவடையில் கொத்தமல்லி, புதினா பச்சைச் சட்னி, இன்னொன்றில் பூண்டு மிளகாய்ச் சட்னி, நடுவே துருவின பீட்ரூட், கேரட், பொடி வெங்காயம் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அமுக்கிக் கொடுப்பார்கள். வாங்கின கையோடு வாயில் போட வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் சட்னி ஊறி மொறுமொறுப்பு போய்விடும். காரம் ஆகாதவர்களுக்குச் சிவப்புச் சட்னியைக் குறைக்கச் சொல்லலாம். அடுத்து ஒரு நொறுக்கல்: அதே தட்டுவடையை நொறுக்கிக் கிண்ணத்தில் பிசைந்து தருவார்கள். பார்சல் என்றால் சட்னி, காய், வடை மூன்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

புதன்கிழமைக்கு மேட்டூர் அல்லது குரும்பப்பட்டி, இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் இழுத்தால் மாலை ரயில் போய்விடும். குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா ஏற்காடு மலை அடிவாரத்திலேயே இருக்கிறது, செவ்வாய் விடுமுறை. அதனால் மலையிலிருந்து இறங்கும் வழியில் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். உங்கள் பிள்ளைகள் வயதுக்கு நான் மேட்டூரைத்தான் சொல்வேன். 1934இல் கட்டி முடித்த அணை, முழுக் கொள்ளளவில் 120 அடி. தண்ணீர் நிறைய இருந்து உபரி திறந்திருந்தால் பதினாறு கண் மதகுப் பக்கம் நுரை தள்ளிக்கொண்டு வரும், அதைப் பார்க்கப் பாலத்திலேயே கூட்டம் நிற்கும். பூங்கா அருகே மீன் வறுவல் கடைகள். மீனை நீங்களே காட்டி, எடைக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள். ஆற்றிலோ கால்வாயிலோ யாரும் இறங்க வேண்டாம், மேலே அசைவு தெரியாவிட்டாலும் அடியில் இழுப்பு இருக்கும்.

காலை ஏழரைக்கு அறையைக் காலி செய்து, பைகளை வரவேற்பிலேயே வைத்துவிட்டு எட்டு மணிக்குள் மேட்டூர் பஸ் பிடியுங்கள், ஒன்றரை மணி நேரம். பிற்பகல் ஒரு மணிக்கு அங்கே திரும்பப் பஸ் ஏறிவிட வேண்டும். பையை எடுத்துக்கொண்டு ஜங்ஷனுக்கு டவுன் பஸ். அது சூரமங்கலம் பக்கம் இருக்கிறது, புதிய பேருந்து நிலையத்தை ஒட்டி இல்லை. வழியில் ஐந்து ரோடு சந்திப்பில் மாலை நெரிசல் கூடும் என்பதால் முக்கால் மணி நேரம் கையில் வைத்துக் கிளம்புங்கள். ரயிலில் கொறிக்கத் தட்டுவடை ஒரு பாக்கெட், வீட்டுக்கு ஜவ்வரிசி வடகம் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபரில் மாம்பழம் என்று யாராவது கூவினால் நின்றுவிடாதீர்கள், சேலத்து மல்கோவா வருவது கோடையில்.