கேம்பர் வேனின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தைக் கூட்ட என்ன வழி?

கேள்வி (திருவையாறு):
பழைய வேனை நானே கேம்பராக மாற்றினேன். உள்ளே படுக்கை, அடுப்பு. அடியில் 80 லிட்டர் தண்ணீர் டேங்க். ஐப்பசி மழையில் கொள்ளிடக் கரை மண்பாதையில் போனபோது டிராக்டர் தடத்தின் நடுமேடு தட்டிக் குழாய் முறிந்தது. இருந்த தண்ணீரெல்லாம் சேற்றில் போனதைப் பார்த்து மகள் அழுதுவிட்டாள். பின் கமான் பட்டைகள் (வண்டியின் பாரம் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டைகள்) பாரத்தில் தட்டையாகிவிட்டன. டயர் அளவு 215/75 ஆர்15 (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்). முதலில் எதைச் செய்யலாம்?

பதில் (மன்னார்குடி):
அண்ணே, முதலில் டேங்கை உள்ளே ஏற்றுங்கள். அப்புறம் பட்டைகளுக்கு வளைவு ஏற்றி, ஒன்று கூடுதலாகப் போடுங்கள். ஆனால் அது பாடியைத்தான் தூக்கும், பின் அச்சின் நடுவில் தொங்கும் பல்சக்கரப் பெட்டி, அதாவது டிஃபரன்ஷியல், அதே உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. 235/75 போட்டால் விட்டம் 30 மி.மீ. கூடும், கிடைக்கும் உயரம் அதில் பாதி, 15 மி.மீ. முழுசாக ஸ்டியரிங் ஒடித்து, எங்காவது உரசுகிறதா பாருங்கள்.

பதில் (வேதாரண்யம்):
மணலில் டயர் காற்றைக் குறைத்தால் பிடிக்கும். தார் ரோடு ஏறியதும் நிரப்பிவிடுங்கள். நம்ம களிமண் வேறு. டயரின் வரிப்பள்ளங்களில் அது அப்பிக்கொண்டால் எந்த உயரமும் உதவாது. இரண்டு பலகை, ஒரு மண்வெட்டி இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை.

கேட்டவர்:
சரி தம்பி, நாளைக்கே டேங்கைக் கழற்றுகிறேன். இருவருக்கும் நன்றி.