அதிபர் தேர்தலே இல்லாத வருடத்தில் 17 ஓட்டா?

முத்தியால்பேட்டைக்காரன்:
அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் அக்கா 2025 நவம்பரில் 17 கேள்விகளுக்கு ஓட்டுப் போட்டாராம். எதற்கு இத்தனை? இங்கே புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுபட்டு இந்தியாவோடு இணைவதற்கே 1954-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள்தான் ஓட்டுப் போட்டார்கள்!

லாஸ்பேட்டை வாத்தியார்:
அங்கே சட்டசபை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அரசியலமைப்பைத் திருத்தினாலும், மக்கள் ஒப்புக்கொண்டால்தான் செல்லும் தம்பி. சபை கூடுவது ஒற்றைப்படை வருடத்தில். அதனால் ஓட்டும் பெரும்பாலும் அந்த நவம்பரிலேயே. உன் அக்கா ஓட்டுப் போட்ட 17 திருத்தங்களும் ஜெயித்தன. 2023-இல் 14-இல் ஒன்று மட்டும் தோற்றது: நீதிபதிகளின் ஓய்வு வயதை 75-இலிருந்து 79 ஆக்குவது. சரியான அடி!

கடலூர் ஓ.டி.:
அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான மெய்னில் 2025-இல் ஓட்டுப் போட போட்டோ அடையாள அட்டை கேட்கும் யோசனையையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்துவிட்டார்கள்.

முத்தியால்பேட்டைக்காரன்:
நன்றி சார். நம்ம சட்டசபை தீர்மானம் மேல் தீர்மானமாகப் போட்டும் மாநில அந்தஸ்து டெல்லியில் கிடக்கிறதே, அதை யாரிடம் ஓட்டுக்கு விடுவது?